விவிடி என்ஜின்: கேம் டேபிளில் எல்லாக் கட்டத்திலும் 25 போட்டுவிட்டேன், அடுத்து என்ன செய்ய?

புதுத்திருகு எழுதியது:

வணக்கம். எரிபொருளும் இக்னிஷனும் ஓரளவு ட்யூன் செய்யத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இதற்கு முன் என் கையில் இருந்தது, கேமின் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) நேரம் மாறாத, அதாவது விவிடி இல்லாத பழைய 1.6 லிட்டர் என்ஜின். அதில் இரண்டே டேபிள், கதை முடிந்தது. இப்போது ஹோண்டா கே20ஏ2 ஒன்றை எடை குறைந்த ஒரு சின்ன காரில் இறக்கியிருக்கிறேன். தனி ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி). மேப் சென்சாரை (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) வைத்துக் காற்றைக் கணக்கிடும் வகை, ஏர்ஃப்ளோ மீட்டர் கிடையாது.

மென்பொருளில் 'இன்டேக் கேம் இலக்கு' என்று புதிதாக டேபிள் இருக்கிறது. சின்ன லோபுக்கு (வால்வைத் தள்ளும் கேமின் மேடு) ஒன்று, பெரிய லோபுக்கு ஒன்று. இரண்டிலும் ஆர்பிஎம் ஒரு பக்கம், மேனிஃபோல்டு அழுத்தம் ஒரு பக்கம், உள்ளே எல்லாம் பூஜ்யம். 0 முதல் 50 டிகிரி வரை போகலாம் என்கிறது. எதைப் போடுவது என்று புரியாமல், நடுவில் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எல்லாக் கட்டத்திலும் 25 போட்டேன்.

விளைவு: 850-ல் அசையாமல் நின்ற ஐடில் இப்போது 700-க்கும் 1,000-க்கும் இடையே ஊஞ்சல் ஆடுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகவே கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் முழு த்ராட்டிலில் 0.88 காட்டிய லாம்டா (காற்று-எரிபொருள் விகிதம், எண் ஏறினால் எரிபொருள் குறைகிறது) 0.95-க்குப் போய்விட்டது. எரிபொருள் டேபிளை நான் தொடவே இல்லை, சத்தியமாக.

அடுத்த வாரம் டைனோவில் (காரின் இழுவையை அளக்கும் மேடை) ஒரு முழு நாள் கிடைத்திருக்கிறது. கேமை முதலில் ட்யூன் செய்வதா, எரிபொருளையா? இதே என்ஜின் வைத்திருக்கும் ஒருவர் தன் கேம் டேபிளைத் தருகிறேன் என்கிறார், அதை அப்படியே போட்டுக்கொள்ளலாமா? இன்னொரு சந்தேகம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது: கேம் அட்வான்ஸ் என்பதும் இக்னிஷன் அட்வான்ஸ் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவையா?


நாலாம்கியர் எழுதியது:

எல்லா இடத்திலும் 25 என்றால் அது விவிடியே இல்லை நண்பரே, கேமைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டுச் செயினைப் பூட்டியதற்குச் சமம். ஐடில் கட்டங்களையும் அதைச் சுற்றியுள்ள கட்டங்களையும் இப்போதே 0 ஆக்குங்கள், ஊஞ்சல் நின்றுவிடும். மற்றதற்கு எண்ணெய்க்கை அண்ணன் வருவார். அவருக்கு இந்தப் பேச்சு என்றால் ராத்திரி பகல் தெரியாது.


எண்ணெய்க்கை எழுதியது:

வந்துவிட்டேன்.

தம்பி, லாம்டா நகர்ந்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். இந்த என்ஜின் உங்களுக்குச் சொன்ன முதல் நல்ல செய்தியே அதுதான். உங்கள் ஈசியூ காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் அழுத்தம் இவ்வளவு, ஆர்பிஎம் இவ்வளவு, ஆகவே சிலிண்டருக்குள் காற்று இவ்வளவு போயிருக்கும் என்று டேபிளைப் பார்த்து ஊகிக்கிறது. முழு த்ராட்டிலில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியேதான் இருக்கும், கேம் 0-ல் இருந்தாலும் சரி, 50-ல் இருந்தாலும் சரி. ஆனால் சிலிண்டருக்குள் அடைபடும் காற்று மாறிவிடுகிறது. 0.88 எங்கே, 0.95 எங்கே? கணக்குப் போட்டால் சுமார் 8 சதவீதம் கூடுதல் காற்று. அந்தக் காற்றுதான் 3,000-ல் நீங்கள் உணர்ந்த இழுவை. எரிபொருள் மட்டும் பழைய கணக்கில் நிற்கிறது. டைனோவுக்குப் போகும்வரை முழு த்ராட்டில் வேண்டாம்.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்டேக் வால்வு பிஸ்டன் கீழே போய்ச் சேர்ந்ததும் மூடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும். காரணம், வேகமாக வரும் காற்றுக்கு ஒரு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் அது தன் போக்கில் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். 8,000 ஆர்பிஎம்மில் இது வரம். 3,000-ல் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்ததையே பிஸ்டன் திருப்பி மேனிஃபோல்டுக்குள் துப்பிவிடும்.

எவ்வளவு துப்பும்? உங்கள் என்ஜினின் ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடு 139. எடுத்துக்காட்டாக வால்வு கீழ்ப்புள்ளிக்கு 50 டிகிரி கழித்து மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிஸ்டன் 11 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிவிட்டிருக்கும். அதாவது ஸ்ட்ரோக்கில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். இப்போது கேமை 40 டிகிரி அட்வான்ஸ் செய்யுங்கள். வால்வு 10 டிகிரியிலேயே மூடிவிடும். அப்போது பிஸ்டன் ஏறியிருப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு காகிதத்தில் இந்த இரண்டு நிலையையும் வரைந்து பாருங்கள். நான் சொல்லிக்கொடுத்த எல்லோரையும் முதலில் இதைத்தான் வரையச் சொல்வேன்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கேமை முன்னே தள்ளினால் மூடுவது மட்டும் முன்னே வராது, திறப்பதும் முன்னே வரும். எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடாதபோதே இன்டேக் திறக்கும். இதுதான் ஓவர்லாப். நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் இருந்து, வெளியேறும் புகை பின்னால் ஒரு உறிஞ்சலை விட்டுச் சென்றால், அது புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். ஐடிலில் நடப்பது நேர் எதிர். மேனிஃபோல்டில் வெற்றிடம், எக்ஸாஸ்டில் வெளிக்காற்றின் அழுத்தம். புகை இன்டேக் பக்கம் திரும்பி வந்து, அடுத்த சுழற்சியில் மறுபடி உள்ளே போகிறது. எரிய வேண்டிய இடத்தில் எரிந்து முடிந்த புகை! ஒரு சுழற்சி எரியும், அடுத்தது தடுமாறும். உங்கள் ஊஞ்சல் அதுதான்.

கூச்சப்பட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டதே நல்லது. இக்னிஷன் அட்வான்ஸ் என்பது தீப்பொறி எப்போது என்பது. கேம் அட்வான்ஸ் என்பது வால்வு எப்போது என்பது. பெயர்தான் ஒன்று. ஆனால் கேமை நகர்த்தினால் தீப்பொறிக்கான சரியான இடமும் நகரும், ஆகவே சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொரு குழப்பத்தையும் சேர்த்தே தீர்த்துக்கொள்ளுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. உங்கள் என்ஜினில் 50 என்பது கிராங்க் டிகிரி. கேம் தன்னளவில் திரும்புவது 25 தான். ஈசியூ எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று கையேட்டில் பாருங்கள். 25-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது, ஃபேசர் (கேமை முன்னும் பின்னும் திருப்பும் பாகம்) கெட்டுவிட்டது என்று ஒருவர் அதைக் கழற்றியே விட்டார். காட்டியது கேம் டிகிரி.

விடெக்கையும் இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். 1989-ல் ஹோண்டா இன்டெக்ராவோடு வந்த விடெக், சின்ன லோபிலிருந்து பெரிய லோபுக்குத் தாவுவது: வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பதை மாற்றும். கேமையே முன்னும் பின்னும் சுழற்றுவது வேறு வேலை. 1992-ல் பிஎம்டபிள்யூவின் எம்50 என்ஜினுக்கு வந்த வேனோஸ் அந்த வகை, ஆனால் அதற்கு இரண்டே நிலை, இங்கே அல்லது அங்கே. உங்கள் கே20-இல் லோப் தாவலும் உண்டு, 0-க்கும் 50-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் நிற்கும் ஃபேசரும் உண்டு. அதனால்தான் இரண்டு கேம் டேபிள்.

சரி, கேமா எரிபொருளா? கேம்தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஏனென்றால் நான் மாற்றிச் செய்து ஒரு நாளைத் தொலைத்தவன். என் முதல் விவிடி என்ஜினில், கேமை 0-ல் வைத்து எரிபொருள் டேபிளை 250 ஆர்பிஎம்முக்கு ஒரு கட்டமாகச் செதுக்கினேன். லாம்டா 0.88, கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. படம் பிடித்துக்கூட வைத்தேன், அவ்வளவு பெருமை. மத்தியானம் கேமைத் தொட்டேன். 3,000-ல் 40 டிகிரி போட்டதும் லாம்டா 0.99. காலை முழுக்கச் செதுக்கியதில் ஒரு கட்டம்கூட மிஞ்சவில்லை.

டைனோவில் நான் செய்வது இப்படி. முதலில் என்ஜினைச் சூடாக்குவேன். கூலன்ட் சூடானால் போதாது, ஆயில் சூடாக வேண்டும், ஃபேசரைத் தள்ளுவது ஆயில்தானே. எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகவும், இக்னிஷனை எதிர்பார்ப்பதைவிட 4 டிகிரி குறைவாகவும் வைத்துவிடுவேன். பிறகு சின்ன லோபில் மட்டும் ஓடும்படி விடெக்கை நிறுத்திவிட்டு, கேமை 0-ல் பூட்டி 2,000 முதல் 6,000 வரை ஒரே கியரில் முழு த்ராட்டில் ஓட்டம். அடுத்து 10-ல் பூட்டி அதே ஓட்டம். அப்புறம் 20, 30, 40, 50. ஒவ்வொன்றிலும் லாம்டா 0.85-க்கும் 0.90-க்கும் இடையே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அந்த எல்லைக்குள் டார்க் பெரிதாக மாறாது, ஆகவே அங்கே நகாசு வேலைக்கு அவசியமில்லை. கடைசியில் மறுபடி 0-ல் ஒரு ஓட்டம். முதல் ஓட்டத்தோடு அது ஒத்துவரவில்லை என்றால் என்ஜின் சூடேறிப்போய் அளவு நழுவியிருக்கிறது, நடுவில் எடுத்த எதையும் நம்ப முடியாது. பிறகு பெரிய லோபில் 4,000-லிருந்து கடைசி வரை இதே ஏழு ஓட்டம்.

ஆறு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மென்பொருளிலேயே வைத்துப் பார்க்கலாம். நான் இன்னும் மெல்லிய தாளில் அச்செடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே அடுக்கி வைத்து, கலர் பென்சிலால் மேலே இருக்கும் கோட்டை மட்டும் இழுப்பேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோடுகள் எங்கே ஒன்றை ஒன்று வெட்டுகின்றன என்பது கை இழுக்கும்போதுதான் மனதில் பதிகிறது. எந்த ஆர்பிஎம்மில் எந்தக் கோடு மேலே நிற்கிறதோ, அந்தக் கோணம்தான் அந்தக் கட்டத்துக்கு.

என் காரில், இதே கே20ஏ2, சக்கரத்தில் அளந்தது: 3,000-ல் 0 டிகிரிக்கு 138 நியூட்டன் மீட்டர், 30-க்கு 152, 40-க்கு 156, 50-க்கு 154. பெரிய லோபில் 6,500-ல் 20-க்கு 168, 30-க்கு 173, 40-க்கு 170. 8,000-ல் 20 ஜெயித்தது. கவனியுங்கள்: மேலே போகப் போகக் கோணம் குறைகிறது, வால்வு தாமதமாக மூடுகிறது. மேலே சொன்ன உந்தம்தான் இங்கே எண்ணாகத் தெரிகிறது.

சின்ன லோபின் சிறந்த கோடும் பெரிய லோபின் சிறந்த கோடும் வெட்டும் இடம்தான் விடெக் தாவ வேண்டிய இடம். அதற்கு முன்னால் தாவவிட்டால் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

கேம் டேபிள் முடிந்ததும் எரிபொருள். அதன் பிறகு இக்னிஷன். இக்னிஷனில் ஒரு எச்சரிக்கை. கேமை அட்வான்ஸ் செய்து காற்று நிறைய அடைபட்ட இடங்களில் உண்மையான அழுத்தம் கூடியிருக்கும், நாக் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) சீக்கிரம் வரும். பழைய 0 டிகிரிக் கேமுக்கு ஒத்துவந்த இக்னிஷன் எண் அங்கே அதிகமாக இருக்கலாம். 1 டிகிரியாக ஏற்றுங்கள், டார்க் ஏறுவது நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

நண்பர் தரும் டேபிளை வாங்கிப் பாருங்கள், வடிவம் எப்படி இருக்கும் என்று தெரியும். அப்படியே போடாதீர்கள். ஹெடர் வேறு, இன்டேக் குழாய் வேறு என்றால் கோடுகள் வெட்டும் இடமும் வேறு.


பூஸ்ட்பைத்தியம் எழுதியது:

எண்ணெய்க்கை சார் சொன்னதில் 'இரண்டாவது எண்ணம் கிடையாது' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் முரண்படுகிறேன். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள கார்களில் கேமை எப்போது தொட்டாலும் பரவாயில்லை. உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதால் எரிபொருள் தானே பின்தொடரும். சில ஈசியூக்களில் 0, 10, 20 என்று ஒவ்வொரு கேம் கோணத்துக்கும் தனித்தனி எரிபொருள் டேபிள்கூட உண்டு. அவற்றில் ஒவ்வொரு பூட்டிய ஓட்டத்தின்போதே எரிபொருளையும் முடித்துவிடலாம். பின்னால் கேமை மாற்றினாலும் லாம்டா அசையாது.

டர்போ மாட்டும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. குறைந்த ஆர்பிஎம்மில், டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் இருக்கும் அழுத்தத்தைவிட மேனிஃபோல்டு அழுத்தம் அதிகமாக இருந்தால், ஓவர்லாப் நேரத்தில் புதுக் காற்று சிலிண்டரைத் தாண்டி நேராக எக்ஸாஸ்டுக்கே போய்விடும். சிலிண்டர் சுத்தமாகக் கழுவப்படும், டர்போ சீக்கிரம் விழிக்கும். ஆனால் அந்த எரியாத ஆக்சிஜனை லாம்டா சென்சார் பார்த்து, 'எரிபொருள் பற்றவில்லை' என்று பொய் சொல்லும். நம்பி எரிபொருளை ஊற்றினேன். சிலிண்டருக்குள் மிதமிஞ்சிப் போனது, மிச்சம் எக்ஸாஸ்டுக்குள் எரிந்தது. ஹெடர் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. உயர் ஆர்பிஎம்மில் நிலைமை தலைகீழ்: எக்ஸாஸ்ட் அழுத்தம் மேனிஃபோல்டை மிஞ்சிவிடும், அதே ஓவர்லாப் சூடான புகையை உள்ளே தள்ளி நாக்கைக் கூட்டிவந்து உட்கார வைக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு அழுத்தச் சென்சார் மாட்டினால் இரண்டும் எங்கே மாறுகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம்.


எண்ணெய்க்கை எழுதியது:

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது தம்பியின் ஈசியூவுக்கு: ஒரே எரிபொருள் டேபிள், மேப் சென்சார்.


புதுத்திருகு எழுதியது:

இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை அண்ணா, நன்றி. 86 மில்லிமீட்டர் படத்தை வரைந்தேன். 11-ஐயும் அரையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஐடிலை 0 ஆக்கியதும் ஊஞ்சல் நின்றது. டைனோவுக்கு முன் ஒரு சோதனை செய்தேன். காரை நிறுத்தி வைத்தே, சுமையில்லாமல், கேம் இலக்கை 40 என்று கொடுத்து லாக் எடுத்தேன். 2,500 ஆர்பிஎம், ஆயில் அரைச்சூடு: 40-க்கு வந்து சேர 2 நொடிக்கு மேல் ஆகிறது. ஆயில் 95 டிகிரிக்கு வந்த பிறகு 31-லேயே நின்றுவிடுகிறது, மேலே போகவில்லை. சோலினாய்டு டியூட்டி மட்டும் உச்சத்தில் இருக்கிறது. பிஐடி அமைப்பில் (கேமை இலக்குக்குக் கொண்டுபோகும் கட்டுப்பாட்டுக் கணக்கு) பி-யைக் கூட்டினேன். இப்போது 31-ஐச் சுற்றி 6 டிகிரி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. இதை எப்படி ட்யூன் செய்வது?


எண்ணெய்க்கை எழுதியது:

இதை ட்யூன் செய்யக்கூடாது. பி-யைப் பழைய எண்ணுக்கே கொண்டுபோங்கள்.

கட்டளை உச்சத்தில் இருந்தும் கேம் வரவில்லை என்றால் கட்டளையில் குறை இல்லை, ஆயில் வந்து சேரவில்லை. ஃபேசர் என்பது ஒரு பெட்டிக்குள் துடுப்பு மாதிரி. துடுப்பின் ஒரு பக்கம் ஆயில் அழுத்தினால் முன்னே போகும், மறுபக்கம் அழுத்தினால் பின்னே வரும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று திறந்துவிடுவதுதான் சோலினாய்டு. ஆயில் சூடாகி நீர்த்துப்போனால் அழுத்தம் இறங்கும், அப்போது வழியில் எங்கே அடைப்பு இருந்தாலும் அது வெளியே தெரியும். உங்கள் லாக் சொல்வது அதையேதான்: அரைச்சூட்டில் மெதுவாகவாவது போய்ச் சேர்ந்தது, சூடானதும் சேரவே இல்லை.

ஆயில் அளவு பாருங்கள், என்ஜினுக்குச் சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். அப்புறம் ஃபேசருக்குப் போகும் ஆயில் பாதையில் சின்னதாக ஒரு வலை வடிகட்டி இருக்கிறது. அதைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் தட்டிப் பாருங்கள். என்ன விழுந்தது என்று எழுதுங்கள்.


புதுத்திருகு எழுதியது:

அண்ணா, வெட்கமாக இருக்கிறது. வலையில் முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருந்தது சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள். நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நான் செயின் கவரை ஒட்டியபோது தடவிய திரவ கேஸ்கெட். வெளியே பிதுங்கியதை அழகாகத் துடைத்தேன், உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்?

வலையைக் கழுவி, சம்ப்பைக் கழற்றி ஆயில் பிக்அப் வலையையும் சுத்தம் செய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டேன். இப்போது 95 டிகிரிச் சூட்டில் 40 என்றால் அரை நொடிக்குள் 40, ஆட்டம் ஒரு டிகிரிகூட இல்லை. பிஐடியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.


எண்ணெய்க்கை எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை, பிக்அப் வலையையும் பார்த்தீர்களே, அது போதும். ஆயில் பம்பே பட்டினி கிடந்திருந்தால் கேம் கோணத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ஜினே இருந்திருக்காது.

டைனோவில் நேரம் மிஞ்சினால் பாதி த்ராட்டிலையும் விடாதீர்கள். பலர் முழு த்ராட்டில் வரிசையை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், கார் தன் ஆயுளில் பெரும்பகுதி ஓடுவது 40 கிலோபாஸ்கல் மேனிஃபோல்டு அழுத்தத்தில். டைனோவை 2,500-ல் பிடித்து நிறுத்தி, சீராக ஓடும்போது உள்ள டார்க்கைக் குறித்துக்கொள்ளுங்கள். லாம்டா 1. கேமை 5 டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் த்ராட்டிலைச் சரிசெய்து அதே டார்க்குக்குக் கொண்டுவாருங்கள். ஓவர்லாப்பில் பழைய புகை உள்ளே தங்குவதால் அதே டார்க்குக்கு த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும், மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும். பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கும் வீண் உழைப்பு அவ்வளவுக்குக் குறையும். புகை கலந்த காற்று மெதுவாக எரியும், ஆகவே இக்னிஷனைக் கூட்டிக் கொடுங்கள். இது முழு த்ராட்டிலுக்கு நேர் எதிர், கவனம். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் எங்கே மிகக் குறைவோ அதுதான் உங்கள் கோணம். உதறல் தொடங்கினால் 5 டிகிரி பின்வாங்குங்கள்.


நாலாம்கியர் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. பெரிய கேம்ஷாஃப்ட் மாட்டினால் இந்த 50 முழுவதையும் பயன்படுத்தலாமா?


எண்ணெய்க்கை எழுதியது:

அளக்காமல் கூடாது. இன்டேக் கேம் முன்னே வர வர, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது வால்வு அதிகம் திறந்திருக்கும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கேமை முழு அட்வான்ஸில் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிறகு களிமண்ணை வெட்டி அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஃபேசருக்குள் ஸ்டாப்பர் வைத்து எல்லையைக் குறைத்துவிடுங்கள். ஈசியூவில் 'அதிகபட்சம் 30' என்று எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சோலினாய்டு ஒரு நாள் சிக்கிக்கொண்டால் ஃபேசர் உங்கள் டேபிளைக் கேட்டுக்கொண்டு நிற்காது.


புதுத்திருகு எழுதியது:

டைனோ முடிந்தது. பதினான்கு பூட்டிய ஓட்டங்கள், கடைசி 0 ஓட்டம் முதலாவதோடு 1 நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தில் ஒத்துவந்தது.

3,000-ல் 0 டிகிரிக்கு 141, 40-க்கு 158. அண்ணாவின் காரைப் போலத்தான். ஆனால் 4,500-ல் எனக்கு 50 தான் மேலே நின்றது, 40-ஐவிட 5 நியூட்டன் மீட்டர் கூடுதல். நண்பரின் டேபிளில் அந்த இடத்தில் 35 இருக்கிறது. அவருடைய ஹெடர் வேறு. அவர் டேபிளை அப்படியே போட்டிருந்தால் அந்தக் குழியோடுதான் வாழ்ந்திருப்பேன். பெரிய லோபில் 6,250-ல் 174, கோணம் 35. 8,000-ல் 20. இரண்டு லோபின் கோடுகளும் 5,400-ல் வெட்டிக்கொண்டன.

எரிபொருள் டேபிளை அதன் பிறகுதான் தொட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இக்னிஷனில் 3,000 முதல் 4,000 வரை, முதலில் நான் மனதில் வைத்திருந்ததைவிட 2 டிகிரி குறைத்தே வைக்க வேண்டியிருந்தது. 2,500-ல் சீரான ஓட்டத்துக்கு 30 டிகிரி நின்றது. அழுத்தம் 37-லிருந்து 44 கிலோபாஸ்கலுக்கு ஏறியது, இன்ஜெக்டர் நேரம் 3.10 மில்லிநொடியிலிருந்து 2.97-க்கு இறங்கியது. 35 போட்டதும் உதறியது.

ஒரே ஒரு குறை. 5,400-ல் லோப் தாவும்போது சின்னதாக ஒரு தடங்கல், அரை நொடி. லாம்டாவும் அங்கே மட்டும் துள்ளுகிறது. ஆனால் இரண்டு லோபையும் தனித்தனியாக ஓட்டியபோது அந்த இடத்தில் எந்தக் குறையும் இல்லை.


எண்ணெய்க்கை எழுதியது:

5,400-ல் சின்ன லோப் டேபிள் எத்தனை, பெரிய லோப் டேபிள் எத்தனை?


புதுத்திருகு எழுதியது:

சின்னது 50, பெரியது 35.


எண்ணெய்க்கை எழுதியது:

அதான். லோப் ஒரு கண்சிமிட்டலில் தாவிவிடும், ஃபேசரால் 15 டிகிரியை அந்த நேரத்துக்குள் கடக்க முடியாது. கொஞ்ச நேரம் பெரிய லோப் 50-லும் 45-லும் ஓடுகிறது, அந்தக் கோணத்துக்கு உங்கள் எரிபொருள் டேபிள் எழுதப்படவில்லை. சின்ன லோபில் 4,750-லிருந்தே இறக்கத் தொடங்குங்கள்: 5,000-ல் 44, 5,250-ல் 38, தாவும் இடத்தில் இரண்டிலும் 35. சின்ன லோபில் அங்கே ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர் போகும், ஓட்டும்போது அது தெரியாது. இறக்கிய கட்டங்களில் எரிபொருளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்.


புதுத்திருகு எழுதியது:

செய்தேன். 5,000-ல் லாம்டா 0.88 இருந்தது 0.86 ஆகியிருந்தது, சரிசெய்துவிட்டேன். தடங்கல் போய்விட்டது. இப்போது தாவுவது சத்தத்தில் மட்டும்தான் தெரிகிறது.